மாலையானால் அம்மாவின் இமை இறங்கிவிடுகிறது, மயஸ்தீனியா பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மயஸ்தீனியா கிராவிஸ் (நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராமல், தசை சீக்கிரம் ஓய்ந்துபோகும் நோய்) இருப்பவர்கள், அல்லது வீட்டில் யாருக்காவது வந்து கூட இருந்து பார்த்தவர்கள் இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

அம்மாவுக்கு வயது 61. மூன்று மாதமாக இடது கண் இமை இறங்குகிறது. காலையில் ஒன்றுமே இருக்காது, பொழுது சாயும்போது பாதிக் கண் மூடிவிடும், டிவி பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டால் சரியாகிவிடுகிறது. தூங்கி எழுந்தால் பழையபடி. கண்ணாடிப் பவர்தான் மாறியிருக்கும் என்று நினைத்துப் புதுக் கண்ணாடி வாங்கினோம் (வீண் செலவு). இப்போது இரண்டு வாரமாகச் சாப்பாட்டில் பாதியிலேயே தாடை ஓய்ந்துபோகிறது, நிறைய பேசினால் குரல் மூக்கால் வருகிறது. வலி இல்லை, மரத்துப்போவதும் இல்லை.

நரம்பியல் டாக்டர் இமைமேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்துப் பார்த்தார், இமை நன்றாகவே மேலே ஏறியது! அப்படி ஏறினால் இந்த நோயாக இருக்கலாமாம். ஆனால் இந்த நோய்க்கு வழக்கமாகப் பார்க்கும் அசிட்டைல்கோலின் ஏற்பி ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். அதனால் இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது என்கிறார். அடுத்து மஸ்க் ஆன்டிபாடி (இதே நோய்க்கான இன்னொரு ரத்தப் பரிசோதனை), ஒற்றை நார் ஈஎம்ஜி (தசையில் மெல்லிய ஊசி வைத்து அதன் மின் சைகையைப் பார்ப்பது), இந்த நோயோடு தொடர்புள்ள தைமஸ் சுரப்பியைப் (நெஞ்செலும்புக்குப் பின்னால் இருப்பது) பார்க்க நெஞ்சு சிடி ஸ்கேன். மூச்சு வாங்கினாலோ விழுங்க முடியாவிட்டாலோ உடனே அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லியிருக்கிறார், சில ஆன்டிபயாடிக்குகளே இதைக் கூட்டிவிடுமாம், அது எனக்குப் புதுச் செய்தி.

ரத்தப் பரிசோதனை நெகட்டிவாக வந்தும் பிறகு உறுதியானவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்களுக்கு முதலில் என்ன அறிகுறி தெரிந்தது? அப்புறம், அந்த ஈஎம்ஜி ரொம்ப வலிக்குமா? அம்மா ஊசி என்றாலே பயப்படுவார்.