ஃபில்ஸும் அந்த 0-6 செட்டும்: பேசித் தீர்ப்போமா?

களிமண்காலன்:
பிரெஞ்சு டென்னிஸ் ஆட்டக்காரர் ஆர்த்தர் ஃபில்ஸைப் பற்றி நேற்று இங்கே பழையராக்கெட் எழுதியது: "ஆர்த்தர் ஃபில்ஸ் பிரெஞ்சுக்காரர்கள் ஊதிவிட்ட பலூன். சொந்த ஊர்ப் போட்டியிலேயே முனாரிடம் முட்டை வாங்கியவர்." ராத்திரி முழுக்க இதே நினைப்பு. 2025-ல் பாரீஸில் நடந்த பிரெஞ்ச் ஓப்பன் இரண்டாம் சுற்றைத்தான் சொல்கிறார். ஸ்பெயினின் முனாரிடம் நான்காவது செட்டை 0-6 என்று இழந்ததுதான் அந்த முட்டை. முழு ஸ்கோர் 7-6, 7-6, 2-6, 0-6, 6-4. ஜெயித்தவர் ஃபில்ஸ். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆடி ஜெயித்தார், அடுத்த சுற்றில் ருப்லேவுடன் மோதுவதற்கு முன்னாலேயே விலகினார். கீழ்முதுகு எலும்பில் விரிசல். அதை வைத்துக்கொண்டு ஆடியவரைப் பலூன் என்கிறீர்கள். நான்காவது செட்டில் உடம்பைச் சேமித்துக்கொண்டார், அவ்வளவுதான். டென்னிஸ் பார்க்கிறவனுக்கு இது புரியும்.

பழையராக்கெட்:
சேமித்தாராம்! 0-6 என்றால் 0-6. ஒரு கேம்கூட இல்லை. முதுகு போயிருந்தால் ஐந்தாவது செட்டை எப்படி எடுத்தார்? போகவில்லை என்றால் நான்காவதில் முட்டை ஏன்? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள், அப்புறம் எனக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கலாம்.

களிமண்காலன்:
இரண்டும் ஒரே நாளில் நடக்கும் ஐயா. போன மாதம் நான் கேஸ் சிலிண்டரைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். குனிந்தால் உயிர் போகும், நேராக நடந்தால் ஒன்றும் தெரியாது. ஃபில்ஸின் சர்வைப் பாருங்கள். முதுகை வில்லாக வளைத்து, இடுப்பைத் திருப்பி, மொத்த உடம்பையும் மேலே எறிகிறார். ஒரு மேட்சில் நூறு தடவைக்கு மேல் அதே வளைவு, அதே முறுக்கு. இளம் ஆட்டக்காரர்களுக்கு அந்த இடத்தில் எலும்பு மெல்ல மெல்லக் கீறுவது டென்னிஸில் புதிதல்ல. வலி ஒரு செட்டில் கொல்லும், அடுத்த செட்டில் கொஞ்சம் விடும். விட்டபோது 6-4 எடுத்தார். இதில் என்ன மர்மம்?

மூலைசீட்:
சிலிண்டரை எத்தனை செட்டில் மாற்றினீர்கள்?

புதுவைவாசி:
சண்டை நடக்கட்டும், ஆனால் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். அது "ஃபில்ஸ்" இல்லை, "ஃபிஸ்". பிரெஞ்சில் மகன் என்ற பொருள் தரும் அதே சொல், எல் வாயில் வராது. இதுகூடத் தெரியாதவர்கள் அவருடைய எலும்பைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

பழையராக்கெட்:
ஃபிஸ்ஸோ ஃபுஸ்ஸோ, பலூன்தான். காற்று இறங்கும்போது அந்தச் சத்தம்தானே வரும்.

களிமண்காலன்:
தமிழில் ஃபில்ஸ் என்றே எழுதுவேன். பாரீஸை நீங்கள் பாரி என்றா எழுதுகிறீர்கள்?

பலூன் கதைக்கு வருவோம். 2023 மே மாதம் லியோனில் முதல் பட்டம், 18 வயதில், தரவரிசையில் முதல் 100-க்கு வெளியே இருந்தபோது. 2024 ஜூலையில் ஹாம்பர்க் இறுதி. எதிரே ஜெர்மனியின் ஸ்வெரெவ். அவருடைய சொந்த ஊர், நடப்புச் சாம்பியனும் அவரே. 6-3, 3-6, 7-6. கடைசி செட் 6-6 ஆனதும் அதை முடிக்க ஆடிய டைபிரேக் 7-1. அந்த ஊர்க் கூட்டத்துக்கு நடுவே 7-1! அதே ஆண்டு டோக்கியோவிலும் பட்டம். 2025-ல் இந்தியன் வெல்ஸ், மயாமி, மாண்டே கார்லோ மூன்றிலும் வரிசையாகக் காலிறுதி. மயாமியில் மறுபடியும் ஸ்வெரெவைச் சாய்த்தார். ஏப்ரலில் உலகத் தரவரிசையில் 14. வயது இருபது. எந்தப் பலூன் இவ்வளவு தூரம் போகும்?

இடதுகை:
டோக்கியோ பற்றி நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாம். இறுதியில் உம்பேர் முதல் செட்டை எடுத்து, இரண்டாவதில் மேட்ச் பாயிண்ட் வரைக்கும் போய்விட்டார். ஒரு பாயிண்டில் தப்பித்த பட்டத்தை இப்படி மாலை போட்டுக் காட்டவேண்டாம். உம்பேரும் பிரெஞ்சுக்காரர்தான், அவருக்கு இங்கே யாரும் ஒரு வரி எழுதமாட்டீர்கள்.

களிமண்காலன்:
மேட்ச் பாயிண்டைக் காப்பாற்றுவது குற்றமா? போன வருடமும் இதே உம்பேர் புராணத்தை ஸ்டட்கார்ட் பற்றிய பேச்சில் நுழைத்தீர்கள். மறக்கவில்லை.

இடதுகை:
நீங்கள் எதையும் மறக்கமாட்டீர்கள், தெரியும்.

பழையராக்கெட்:
மாண்டே கார்லோ காலிறுதி என்று பாதியில் நிறுத்திவிட்டீர்களே. அல்கராஸிடம் முதல் செட்டை எடுத்துவிட்டுத் தோற்றார். இந்தியன் வெல்ஸில் மெத்வதேவிடம் மூன்றாவது செட் டைபிரேக்கில் தோல்வி. மயாமியில் மென்சிக்கிடம் இரண்டாவது செட் 1-6. ஜூனியர் காலத்திலேயே இதே கதை: 2021 பிரெஞ்ச் ஓப்பன் சிறுவர் இறுதியில் வான் அஷிடம் நேர் செட்களில் தோல்வி. நெருங்கிப் போவார், கதவைத் திறக்கமாட்டார். அப்புறம் அந்த 0-6.

களிமண்காலன்:
திரும்பவும் 0-6! அந்த ஜூனியர் இறுதியில் ஜெயித்த வான் அஷ் இன்று தரவரிசையில் எங்கே, ஃபில்ஸ் எங்கே? அதே தொடரில் பெத்ஷி பெரிகாருடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தை ஃபில்ஸ் எடுத்ததை ஏன் சொல்லவில்லை?

பிரெஞ்சுக்காரர்கள் ஊதினார்கள் என்பது மட்டும் கொஞ்சம் உண்மை, ஒத்துக்கொள்கிறேன். 1983-ல் யானிக் நோவா ஜெயித்ததற்கு அப்புறம் எந்தப் பிரெஞ்சு ஆணும் கிராண்ட்ஸ்லாம் எனும் நான்கு பெரிய போட்டிகளில் ஒற்றையர் பட்டம் எடுக்கவில்லை. அந்த ஏக்கத்தில் கஸ்கே என்ற சிறுவனை ஒன்பது வயதிலேயே பத்திரிகை அட்டையில் போட்டார்கள். பாவம் பிள்ளை. சோங்கா, மோன்ஃபில்ஸ், சிமோன் என்று ஒரு தலைமுறையே வந்து போனது. ஃபில்ஸ் விலகிய அதே 2025 பிரெஞ்ச் ஓப்பனில்தான் கஸ்கேவும் சின்னரிடம் தோற்று விடைபெற்றார். அந்த மொத்த ஏக்கத்தையும் இருபது வயதுப் பையன் முதுகில் ஏற்றினால் முதுகு உடையாமல் என்ன செய்யும்?

மூலைசீட்:
அப்போ முதுகு உடைந்ததற்குக் காரணம் சர்வா, கஸ்கேவா?

புதுவைவாசி:
"கஸ்கே" சரி. "ஃபில்ஸ்" தப்பு. ஒரே பதிவில் ஒரு பெயருக்கு பிரெஞ்சு உச்சரிப்பு, இன்னொன்றுக்கு உங்கள் இஷ்டம். இது என்ன நியாயம்?

பழையராக்கெட்:
சரி, முதுகு உடைந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 0-6-க்கு அப்புறம் கைகுலுக்கிவிட்டுப் போயிருக்கவேண்டும். ஐந்தாவது செட் ஆடியதால் என்ன கிடைத்தது? ருப்லேவோடு ஆடவே இல்லை. விம்பிள்டன் போனது. டொராண்டோவில் தலைகாட்டிவிட்டு மறுபடி நின்றார், அமெரிக்க ஓப்பனும் போனது. ஒரு செட்டுக்காக ஒரு வருடத்தைக் கொடுத்தவரை வீரர் என்கிறீர்கள். நான் முட்டாள்தனம் என்பேன்.

களிமண்காலன்:
இதோ! நேற்று பலூன், இன்று முட்டாள். முட்டை வாங்கினார் என்று தொடங்கியவர், இப்போது ஏன் ஜெயித்தார் என்று கேட்கிறார். பதினைந்தாயிரம் பேர் தன் பெயரைக் கத்தும்போது பை தூக்கிக்கொண்டு கிளம்ப உங்களால் முடியுமா?

இடதுகை:
எந்த மைதானத்தில் பதினைந்தாயிரம்? எண்ணினீர்களா?

களிமண்காலன்:
ஆயிரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்! அது முக்கியமா? நான்காவது செட்டில் சேமித்தார், ஐந்தாவதில் செலவழித்தார். இதை இன்னும் பத்து தடவை எழுதவும் தயார்.

பழையராக்கெட்:
எழுதுங்கள். பத்து தடவையும் கீழே வந்து 0-6 என்று போடுகிறேன்.

புதுவைவாசி:
ஃபிஸ்.