கோப்ரோ, மோட்டார் ஸ்லைடர்: ராத்திரி டைம்லாப்ஸில் பக்கத்துக் கம்பி மட்டும் மங்குது, ஏன்?

கல்லாங் ஆந்தை:
சிங்கப்பூர் ஜூபிலி பாலத்திலிருந்து மெரினா பே கட்டடங்களை டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்த வீடியோ) எடுக்கிறேன். 60 செ.மீ. ஸ்லைடர் (கேமராவை மெதுவா நகர்த்தும் தண்டவாளம்), ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 20 நிமிடம். கோப்ரோவின் இரவு முறையான நைட் லாப்ஸ், ஷட்டர் 10 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ. தூரத்துக் கட்டடம் கூர்மை, அரை மீட்டரில் இருக்கும் கைப்பிடிக் கம்பி குழம்புது. வெளிச்சமும் துடிக்குது. முதல் பத்து நிமிடம் லென்ஸில் ஆவி வேற. எதை மாத்தணும்?

ஈசூன்காரன்:
முதல்ல ஸ்லைடரை நிறுத்தி ஒரே ஒரு படம் எடுத்துப் பாருங்க. அப்பவும் கம்பி மங்கலா இருந்தா கம்பி ரொம்பக் கிட்ட இருக்குன்னு அர்த்தம். இந்தக் கேமராவுக்கு ஃபோகஸ் நிலையானது, சுமார் 30 செ.மீ.க்குள்ள வந்தா தெளியாது.

கூர்மையா வந்தா, குற்றவாளி ஸ்லைடர் வேகம். 600 மி.மீ.யை 1200 நொடியில ஓட்டுறீங்க, நொடிக்கு அரை மி.மீ. பத்து நொடி ஷட்டர் திறந்திருக்கும்போது கேமரா 5 மி.மீ. நகர்ந்துடுது. அரை மீட்டர் தூரத்துல லீனியர் லென்ஸ் (ஓரம் வளையாத அமைப்பு) ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்தைப் பார்க்கும். படம் 4000 பிக்சல் அகலம்னா 5 மி.மீ. என்பது 20 பிக்சல் இழுவை. நூறு மீட்டருக்கு அப்பால இருக்கிற கட்டடத்துல அது தெரியவே தெரியாது.

பெரிய கேமராவுக்கு 'நகர், நில், எடு' முறை உண்டு, ஸ்லைடரே வயர் மூலமா ஷட்டரைத் தட்டும். கோப்ரோவுக்கு அந்த வயர் சொருக இடமில்லை. அதனால மெதுவான தொடர் ஓட்டம்தான் வழி: ஷட்டர் 2 நொடி, இடைவெளி 5 நொடி, முழு ஓட்டம் 45 நிமிடம். இழுவை ரெண்டு பிக்சலுக்குள்ள அடங்கிடும். 540 படம் கிடைக்கும், நொடிக்கு 25 ஃப்ரேம்ல ஓட்டினா 21 நொடிக்கு மேல வீடியோ.

2 நொடி போதுமான்னு பயப்படாதீங்க. அந்த விளக்குகளுக்கு 10 நொடி அதிகம், ஜன்னல் எல்லாம் வெள்ளையா வெளிறிடும்.

பாசிர் ரிஸ் மழை:
துடிப்புக்கு ஐஎஸ்ஓ குறைந்தபட்சம், அதிகபட்சம் ரெண்டையும் 200-ல பூட்டுங்க, ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன்) 4000-ல. ஆனா சூரியன் மறையுறதிலிருந்தே எடுத்தா பூட்டு உதவாது, வெளிச்சம் மளமளன்னு இறங்கிடும். 7.45-க்கு மேல ஆரம்பிங்க. எட்டு மணிக்கு ஒளிக்காட்சி வந்தா அந்த ஏற்ற இறக்கம் உண்மையானது, அதைத் திருத்தப் பார்க்காதீங்க.

ஆவிக்குக் காரணம் ஏர்கான். குளிர்ந்த கண்ணாடியில நம்ம ஊர் ஈரக்காற்று படியுது. வீட்டிலேயே ஜிப் பையில போட்டு மூடி, வெளியே அரை மணி நேரம் பை மூடினபடியே வச்சு, உள்ளே சூடு சமமானப்புறம் திறங்க. துடைச்சா திரும்ப படியும். தண்ணீர் புகாத கூடு போட வேண்டாம், உள்பக்கம் வியர்த்தா ஒண்ணும் செய்ய முடியாது.

ஈசூன்காரன்:
இன்னொண்ணு. ஆட்கள் நடந்தாலே பாலம் லேசா அதிரும், ஸ்லைடரைக் குறை சொல்லிப் பயனில்லை. எஸ்பிளனேட் பக்கக் கரையில, தரையில வைங்க. ஒரே முக்காலி மேல 60 செ.மீ. ஸ்லைடர் நின்னா, கேமரா உட்கார்ந்திருக்கிற வண்டி முனைக்குப் போகும்போது பாரம் சாயும், அடிவானம் சரியும். ரெண்டு முனையிலும் கால் கொடுங்க. பவர் பேங்க் வயரை வண்டியிலேயே டேப் போட்டு ஒட்டி, மிச்சத்தைத் தொளதொளன்னு விடுங்க. இழுபட்டா கடைசி 10 செ.மீ.ல குதிக்கும்.

கல்லாங் ஆந்தை:
நிறுத்திப் பார்த்தேன், கம்பி கூர்மை. வேகம்தான். 45 நிமிடத்துக்கு மாத்துறேன், நன்றிண்ணே.