பால டெண்டரில் இரண்டாமிடம்: அரசிடம் மேல்முறையீடா, நேரே உயர் நீதிமன்றமா?

கேள்வி – முதல்நிலை ஒப்பந்ததாரர், தென் மாவட்டம்

எங்கள் மாவட்டத்தில் ஓர் உள்ளாட்சி அமைப்பு கோரியிருந்த பாலப் பணிக்கு இரண்டு உறை முறையில் (தகுதிக்குத் தொழில்நுட்ப உறை, தொகைக்கு விலை உறை) ஒப்பந்தப்புள்ளி அளித்திருந்தோம். விலை உறையைத் திறந்தபோது நாங்கள் இரண்டாவதாக வந்தோம். 4 கோடியே 12 லட்ச ரூபாய் வேலையில் எல்-1 ஆக, அதாவது மிகக் குறைந்த விலை கொடுத்தவராக, வந்தவருக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம் 3 லட்சத்து 60 ஆயிரம். குறைந்த விலை கொடுத்தவருக்கு வேலை போவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர் தொழில்நுட்ப உறையிலேயே தேறியிருக்கக் கூடாது என்று உறுதியாக நம்புகிறேன்.

கடந்த ஐந்து ஆண்டுகளில் 12 மீட்டருக்குக் குறையாத கண் அகலமுள்ள (அடுத்தடுத்த இரு தாங்கிகளுக்கு இடையிலான அகலம்) பாலம் ஒன்றையாவது கட்டி முடித்திருக்க வேண்டும் என்பது டெண்டர் ஆவணத்தின் தகுதி நிபந்தனை. அவர் பதிவேற்றிய அனுபவச் சான்றிதழிலோ ‘பாக்ஸ் கல்வர்ட் (பெட்டி வடிவச் சிறுபாலம்), 3 கண், ஒவ்வொன்றும் 6 மீட்டர்’ என்று இருக்கிறது. மூன்றையும் கூட்டி 18 மீட்டர் என்று கணக்கிட்டு அவரைத் தகுதியாக்கிவிட்டார்கள். எங்கள் ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்படவில்லை என்ற கடிதம் கைக்கு வந்து இன்றோடு ஆறு நாள் ஆகிறது. அலுவலகத்தில் கேட்டதற்கு, “வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போங்கள்” என்றார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மதிப்பீட்டுக் குழுவின் குறிப்புகளைக் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். அந்தப் பதில் வரும்வரை காத்திருக்கலாமா, அல்லது உடனே உயர் நீதிமன்றம் செல்ல வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – ஓய்வுபெற்ற செயற்பொறியாளர்

காத்திருக்காதீர்கள். தகவல் மனுவுக்குப் பதிலளிக்க அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. உங்களுக்கோ, 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி, ஆணை கிடைத்த நாளிலிருந்து 10 நாள்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஆறு நாள் போய்விட்டது என்கிறீர்கள். அந்தச் சட்டம் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் பொருந்தும். மேல்முறையீட்டைத் துறையின் செயலாளருக்கு முகவரியிட்டு அனுப்புங்கள்.

உங்கள் வாதத்தில் ஒரு பலவீனம் உண்டு; அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இந்தியச் சாலைப் பேரவையின் வரையறைப்படி மொத்த நீளம் 6 மீட்டர் வரை உள்ளதே கல்வர்ட். அதற்கு மேல் 60 மீட்டர் வரை மைனர் பிரிட்ஜ். ஆகவே மூன்று கண்ணும் சேர்ந்து 18 மீட்டர் நீளமுள்ள கட்டுமானம், சான்றிதழில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும், பாலம்தான். ‘அது பாலமே இல்லை’ என்று மனுவில் எழுதினால் முதல் விசாரணையிலேயே அடிபடும். உங்கள் வாதம் கண் அகலத்தில் மட்டும் நிற்க வேண்டும். 6 மீட்டர் பெட்டியைத் தரையிலிருந்தே சென்ட்ரிங் போட்டுக் கான்கிரீட் ஊற்றிவிடலாம். 12 மீட்டருக்கு மேல் போகும்போது கர்டரும் (பாலத்தைத் தாங்கும் உத்தரம்) அது உட்காரும் பேரிங்கும் வரும். தண்ணீர் ஓடும் ஆற்றின் நடுவே முட்டுக் கொடுக்க வேண்டிவரும். இந்த அனுபவம் ஒருவருக்கு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் அப்படியொரு நிபந்தனையை எழுதுகிறோம். மூன்று சிறிய கண்களைக் கூட்டுவதால் அந்த அனுபவம் வந்துவிடாது என்பதை, பொறியியல் காரணத்தோடு ஒரே பத்தியில் எழுதுங்கள்.

இன்னொன்று. மொத்தம் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், தொழில்நுட்ப உறையில் யார் யார் எந்தக் காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டார்கள் என்று மின்ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தில் பார்த்தீர்களா? மதிப்பீட்டுக் குழுவில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், குழு எப்படிச் சிந்தித்தது என்பது தேறியவரின் கோப்பைவிடத் தள்ளப்பட்டவரின் கோப்பில்தான் தெளிவாகத் தெரியும்.

பதில் – வழக்கறிஞர், மதுரை

பொறியாளர் ஐயா கடைசியாகக் கேட்டிருப்பதுதான் இந்த வழக்கின் உயிர்நாடி. ஏன் என்று சொல்கிறேன். நாக்பூர் மெட்ரோ தொடர்பான ஆஃப்கான்ஸ் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், டெண்டர் ஆவணத்தை எழுதிய அமைப்பே அதன் பொருளை நன்கு அறியும் என்றும், அது கொண்ட பொருள் நீதிமன்றத்துக்கு உவப்பாக இல்லை என்பதற்காக மட்டும் தலையிட முடியாது என்றும் சொன்னது. எனவே ‘கண் அகலம் என்றால் மொத்த நீளம்’ என்று உள்ளாட்சி அமைப்பு வாதிட்டால், அதை வெறும் தவறான விளக்கம் என்று சொல்லி முறியடிப்பது கடினம். அதே நிபந்தனையை இன்னொருவருக்கு வேறு விதமாகப் பொருத்தியிருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். தான் வகுத்த தகுதி அளவுகோலை அரசு அமைப்பு தன் விருப்பப்படி மீற முடியாது என்பது 1979ஆம் ஆண்டின் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கிலிருந்தே நிலைபெற்ற சட்டம். ஒருவருக்கு மட்டும் நிபந்தனையைத் தளர்த்தியதற்காக 2024இல் ஒரு நிலக்கரிச் சுரங்க டெண்டரின் ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்திருக்கிறது.

மேல்முறையீடு என்ற வழி சட்டத்திலேயே இருக்கும்போது அதை விட்டுவிட்டு நீதிப்பேராணை (ரிட்) கேட்டால், ‘அங்கே போய் வாருங்கள்’ என்று உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு; அதற்குள் பத்து நாள் கடந்திருக்கும். மேல்முறையீட்டோடு தடை கோரும் மனுவையும் சேர்த்தே கொடுங்கள். வேலை தொடங்கிவிட்டால் நீதிமன்றத்தின் மனநிலை மாறிவிடும். 2018இல் திருத்தப்பட்ட குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் (Specific Relief Act) 20அ பிரிவு, சாலை, பாலம் போன்ற உட்கட்டமைப்புப் பணிகளைத் தாமதப்படுத்தும் தடையாணையை விலக்குகிறது. நீதிப்பேராணை விசாரிக்கும் நீதிமன்றமும் அதை மனத்தில் கொள்ள வேண்டும் என்று, ஜார்க்கண்ட் சாலைப் பணி ஒன்றைப் பற்றிய என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னர் நீதிமன்றம் செல்ல நேர்ந்தால் எல்-1 நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க மறக்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை: மேல்முறையீட்டில் வென்றாலும் வேலை தானாக உங்கள் கைக்கு வந்துவிடாது. மறு மதிப்பீடோ மறு டெண்டரோ வரலாம். சமமாக நடத்தப்படும் உரிமைதான் உங்களுக்கு உண்டு, ஒப்பந்தம் பெறும் உரிமை இல்லை.

பதில் – ஒப்பந்ததாரர், கொங்குப் பகுதி

நானும் ஒரு கட்டடப் பணியில் இதே நிலையில் இருந்தேன். அலுவலக நட்பு கெட்டுவிடுமோ என்று தயங்கி, வாய்மொழியாகவே பேசிப் பேசி ஐந்து வாரங்களை வீணாக்கினேன். நான் மனுத் தாக்கல் செய்த நாளில் அங்கே அடித்தளக் கம்பி கட்டி முடிந்திருந்தது. அதன் புகைப்படத்தை எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் காட்டியதும் என் வழக்கு முடிந்துபோயிற்று. ஆவணம் என் பக்கம் இருந்தும் நாள்கள் என் பக்கம் இல்லை.

ஒரு நடைமுறைச் செய்தியையும் சொல்கிறேன். ஒப்பந்தப்புள்ளியோடு கட்டிய முன்வைப்புத் தொகையைத் திரும்பக் கேட்டுவிடாதீர்கள். உங்கள் ஒப்பந்தப்புள்ளி செல்லுபடியாகும் காலத்தை நீட்டிக்கச் சம்மதம் என்று இன்றே கடிதம் கொடுங்கள். தொகையை வாங்கிக்கொண்டு போனவர் எந்த வேலைக்காக வழக்காடுகிறார் என்று கேட்பார்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. பொறியாளர் ஐயா சொன்னபடி இணையதளத்தில் தொழில்நுட்ப மதிப்பீட்டுச் சுருக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஆறு பேர் கலந்துகொண்டதில் இருவர் நிராகரிக்கப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் வங்கி உத்தரவாதத்தில் தவறிவிட்டார். மற்றவர் காட்டியிருந்தது தலா 8 மீட்டரில் இரண்டு கண் உள்ள பாலம். ‘ஒரு கண்ணின் அகலம் 12 மீட்டருக்குக் குறைவு’ என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். கூட்டினால் அவருக்கு 16 மீட்டர் வருகிறது. அவருக்குக் கூட்டவில்லை, எல்-1க்குக் கூட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நாளும் நேரமும் தெரியும்படி அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் தலைமைச் செயலகத்துக்கு நேரில் சென்று மேல்முறையீட்டையும் தடை மனுவையும் கொடுத்து, முத்திரையிட்ட நகலைப் பெற்றேன். யார் மீதும் உள்நோக்கம் கற்பிக்காமல், இரண்டு சான்றிதழ்களையும் நிராகரிப்புக் காரணத்தையும் அடுத்தடுத்து வைத்து மூன்று பக்கத்தில் மனுவை முடித்துவிட்டோம். காலநீட்டிப்புச் சம்மதக் கடிதம் அன்று மாலையே பதிவுத் தபாலில் போய்விட்டது. விசாரணைக்கு அழைப்பு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.