மருந்து ஓடர் போடும் தளம்: அம்மம்மா கடைசிப் பொத்தானில் நின்றுவிட்டார்

கடற்கரைக்காற்று:
வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு சின்னக் குழுவில் டிசைன் வேலை செய்கிறேன். பாமசி ஒன்றுக்கு மருந்து ஓடர் எடுக்கும் இணையத்தளம் செய்கிறோம். போனில் திறப்பது, மூன்று மொழியிலும். இரண்டு கிழமையில் வெளியிட வேண்டும்.

போன ஞாயிறு அம்மம்மாவிடம் போனைக் கொடுத்து, "உங்கட பிரஷர் குளிசையை இதில எடுங்கோ" என்றேன். வயது 74. சீனி வருத்தத்தால் பார்வை குறைந்துவிட்டது, எழுத்தைப் பெரிதாக்கி வைத்துத்தான் போன் பாவிப்பார். குளிசையைத் தேடி எடுத்தார், எத்தனை பெட்டி என்பதையும் போட்டார். கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். "உறுதிப்படுத்துக" என்று நான் எழுதிய பொத்தான் அங்கே "உறுதிப்ப…" என்று வெட்டுப்பட்டு, வெள்ளையில் மெல்லிய சாம்பலாகக் கிடந்தது. அது பொத்தான் என்றே அவருக்குத் தெரியவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "நான் கடைக்கே போய் வாங்குறன் ராசா" என்று போனைத் திருப்பித் தந்தார். காலி வீதியை அவர் தனியாகக் கடக்கக் கூடாது என்பதற்காகத்தான் எனக்கு இந்த வேலையில் இவ்வளவு அக்கறை.

இதையெல்லாம் வெளியிட்ட பிறகு பார்ப்போம் என்கிறார் பொஸ். ஆட்கள் திரும்பத் திரும்ப வர, முதற்பக்கத்தில் தானாக ஓடும் சலுகைப் படங்கள்தான் அவருக்கு முதலில் வேண்டும். இரண்டு கிழமைக்குள் நான் எதைப் பிடிப்பது?

புறாக்கூடு:
நிறம் அரை மணி நேர வேலை, இன்றைக்கே முடியுங்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்கிறது டபிள்யூ.சி.ஏ.ஜி., தளங்களை எல்லோரும் பாவிக்கும்படி செய்வதற்கான உலக விதிமுறை. உங்கள் சாம்பலின் நிறக்குறி 999999 என்றால் வெள்ளையில் 2.85தான் வரும். 767676 வைத்தால் 4.54, மட்டுமட்டாகத் தப்பும். மருந்து விஷயம், இன்னும் கறுப்பாக்குங்கள்.

வெட்டுப்படுவதற்குக் காரணம், பொத்தானை ஒரே வரிக்கென்று இறுக்கி வைத்திருப்பது. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பெட்டியில் தமிழைத் திணிக்கிறோம். உயரத்தை விட்டுவிடுங்கள், இரண்டு வரிக்கு மடங்கட்டும். வரி இடைவெளி 1.2 தமிழுக்குப் போதாது. மேல்வரியின் "கு", "து" இறங்கிவந்து கீழ்வரியின் "கீ"யில் முட்டும். 1.6 வையுங்கள். தொடும் இடத்துக்கு அதே விதிமுறையின் 2023இல் வந்த 2.2 பதிப்பு கேட்பது 24 பிக்சல், ஆண்ட்ரொய்ட் சொல்வது 48. விரல் நடுங்குகிறவர்களுக்கு 48தான் சரி.

ஒலிவழி:
தம்பி, நான் பார்வையில்லாதவள், கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். கணினியில் என்விடிஏ, போனில் டோக்பேக், இரண்டும் திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்பவை. தளங்களைச் சோதித்துக் கொடுப்பதுதான் என் தொழில். மேலே சொன்னது சரி, ஆனால் நான் வேறு இடத்தில் தொடங்குவேன்.

போன வருடம் ஒரு கடையின் தளத்தில் அம்மாவுக்கு மருந்து எடுத்தேன். எண்ணிக்கையைக் கூட்ட ஒரு படம், குறைக்க ஒரு படம். டோக்பேக்குக்கு இரண்டுமே பெயரில்லாத பொத்தான்கள். ஒன்றைத் தட்டினேன், சத்தமே இல்லை. தட்டுப்படவில்லையாக்கும் என்று இன்னும் இரண்டு தரம் தட்டினேன். வீட்டுக்கு நான்கு பெட்டி வந்தது. மருந்தைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம், நான்குக்கும் காசு கொடுத்தேன். அந்தப் பொத்தானுக்கு "ஒரு பெட்டி கூட்டு" என்று பெயர் வைத்து, தட்டியதும் "இப்போது 2 பெட்டி" என்று சொல்ல வைத்திருந்தால் போதும். ஏரியா லைவ் என்று உங்கள் புரோகிராமரிடம் சொல்லுங்கள், அவருக்கு விளங்கும்.

அடுத்தது மொழி. பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று டெம்ப்ளேட்டில் வந்தது அப்படியே இருக்கும், பாருங்கள். அப்படியிருந்தால் தமிழை ஆங்கிலக் குரல் வாசிக்க வரும். சில குரல்கள் தமிழெழுத்தை அப்படியே விழுங்கிவிடும். தமிழ்ப் பக்கத்துக்குத் தமிழ் என்று குறியுங்கள்.

கடைக்காரர் தரும் அறிவித்தல்கள், ஆங்கில எழுத்துகளைத் தமிழாகக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் வந்தால் அப்படியே ஒட்டிவிடாதீர்கள். கண்ணுக்குத் "தமிழ்" என்று தெரியும். எனக்கு வருவது "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்". யூனிகோடுக்கு மாற்றியே போடுங்கள்.

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க உறுதி எண்ணைப் போட ஆறு பெட்டி வைத்திருக்கிறீர்களா? ஒன்றாக்குங்கள், ஒட்டவும் விடுங்கள். எஸ்எம்எஸ்ஸைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்தது என்றால், நான் அந்த ஓடரையே விட்டுவிடுவேன்.

ஓடும் படங்கள் பற்றி ஒன்று. தானாகத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் ஓடினால் நிறுத்த வழி வேண்டும், அது விதி. ஆனால் உங்கள் பொஸ்ஸிடம் வேறொன்று சொல்லுங்கள். பிரஷர் குளிசை மாதாமாதம் அதே குளிசைதான். முதற்பக்கத்தில் "போன மாத ஓடரை மறுபடி போடு" என்று ஒரு பொத்தான் இருந்தால் நான் ஒவ்வொரு மாதமும் அங்கேயே வருவேன். சலுகைப் படத்துக்காக ஒருநாளும் வரமாட்டேன்.

இன்றிரவு டோக்பேக்கைப் போட்டு, திரையை மறைத்து, ஒரு ஓடரை முடித்துப் பாருங்கள். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இருமுறை தட்டினால் அழுத்தினதாகும்.

மூன்றாம்மாடி:
பதிவுப் பக்கத்தில் அடையாள அட்டை எண் கேட்கிறீர்களா? பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் "வி" அல்லது "எக்ஸ்" என்ற ஆங்கில எழுத்தும், புதியதில் 12 இலக்கம். எண் விசைகள் மட்டும் திறந்தால் பழைய எண்ணை முடிக்க முடியாது. அதைவிட, மருந்து வாங்க அந்த எண் எதற்கு? தேவையில்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

கடற்கரைக்காற்று:
ஒலிவழி அக்கா, நேற்றிரவு செய்து பார்த்தேன். பெயரில்லாத பொத்தான்கள் 14. கூடையைத் திறக்கிற பொத்தானும் அதில் ஒன்று. என்னாலேயே ஓடரை முடிக்க முடியவில்லை, நான் வரைந்த தளம் அது.

காலையில் பொஸ்ஸின் மேசையில் போனை வைத்து, திரையை மறைத்து, அவரையே ஒரு பெட்டி வாங்கச் சொன்னேன். நாலாவது "பொத்தான்" கேட்டதும் போனை என் பக்கம் தள்ளிவிட்டார். ஓடும் படங்கள் இந்தத் தடவை இல்லை, மறுபடி போடும் பொத்தான் வருகிறது. அடையாள அட்டை எண்ணும் போய்விட்டது. வெளியிடும் முன் நீங்கள் ஒருதரம் சோதித்துத் தருவீர்களா? அதற்குரிய கட்டணத்தைக் கொடுக்க அவர் சம்மதித்துவிட்டார்.

ஒலிவழி:
அனுப்புங்கள், திங்கள் காலை பார்க்கிறேன். கடைசிப் பொத்தானை அம்மம்மாவிடமே கொடுத்துப் பாருங்கள், அதை நான் சோதிக்க முடியாது.