பதில்: 110 கேவி லைன் வழக்குக்கு ஆளுக்கு 5,000 ரூபாய்

எல்லோருக்கும் வணக்கம்.

நம்ம ஊர் வழியாக வரப்போகிற 110 கேவி (1,10,000 வோல்ட்) மின்சார டவர் லைனைக் கேஸ் போட்டு நிறுத்த ஆளுக்கு 5,000 ரூபாய் கேட்ட செயலாளர் அண்ணாச்சியின் மடலும் அதன் கீழே வரிசையாக வந்த "நானும் தருகிறேன்" பதில்களும் பார்த்தேன். போன மாதம் ஊரில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தவன் என்பதால் எழுதுகிறேன், கை இறுகிப்போய் இல்லை.

எங்கள் கீழவிளைத் தோட்டத்தில் மூன்று இடத்தில் லைனுக்காகக் கல் நட்டிருக்கிறது. தலையில் சிவப்பு பெயின்ட், பக்கத்தில் எண். ஒன்று அம்மா துணி காயப்போடும் கொடியிலிருந்து நாலு எட்டுதான். யார் நட்டது என்று கேட்டால், "ரெண்டு பயலுவ மூணு காலு பெட்டிய வச்சுப் பாத்தானுவ, குடிக்க வெள்ளம் கேட்டானுவ, குடுத்தேன்" என்கிறாள். நம்மிடம் நடந்த கருத்துக் கேட்பு இவ்வளவுதான்.

110 கேவி என்றால் கம்பிக்கு அடியில் 22 மீட்டர் அகலத்துக்கு நிலப் பட்டை விட வேண்டும். அதற்குள் தென்னையோ பலாவோ ரப்பரோ நிற்க விடமாட்டார்கள், வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி) வைத்துக்கொள்ளலாம். அப்பா நட்ட அயினி மரம் போய்விடும். நிலம் நம் பேரில்தான் இருக்கும், நிலக் கரமும் (வரி) நாம்தான் அடைக்க வேண்டும்.

இருந்தாலும் கேஸ் போட்டு லைனையே நிறுத்திவிடலாம் என்று அண்ணாச்சி எழுதியிருப்பதை நம்பிப் பணம் போடாதீர்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவு, 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்ட அதிகாரத்தை லைன் இழுப்பவர்களுக்கு வாங்கிக்கொடுக்க வழி செய்கிறது. அது கையில் இருந்தால் உடையவன் சம்மதம் வேண்டாம், மறித்தால் கலெக்டரிடம் போய் உத்தரவு வாங்கிவிடுவார்கள். இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிமன்றம் போகலாம். ஆக நம்ம சண்டை ரூட்டுக்கும் ரேட்டுக்குமாக இருக்கட்டும். 2024 ஜூனில் மத்திய மின் அமைச்சகம் விட்ட வழிகாட்டுதலில் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், பட்டைக்கு 30 சதவீதம் என்று இருக்கிறது. நமக்கு எந்தக் கணக்கில் தருவார்கள் என்று எழுத்தில் கேட்போம். சானல் (பாசன வாய்க்கால்) கரை வழியாகத் திருப்ப முடியுமா என்றும் கேட்போம். நவம்பர் 1 நம்ம கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், லீவு, அன்றைக்குக் கிராமசபையும் உண்டு. தீர்மானம் போட வக்கீல் பீஸ் வேண்டியதில்லை.

லைனே வேண்டாம் என்று மட்டும் யாரும் பேசாதீர்கள். ஏழு மணிக்கு மேல் வோல்டேஜ் இல்லாமல் மிக்ஸி முனகுகிறது, பேன் இறக்கையை எண்ணலாம். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடித்த பிறகு வெளி ஜில்லாவிலிருந்து வந்து போஸ்ட் நட்டவர்களுக்கு மைனி கஞ்சியும் பயறும் வைத்துக் கொடுத்தது எதற்காம்?

- கீழவிளை இளையவன், தோஹா

---

தம்பி சொன்னது சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி, இதோடு நாலாவது தடவை கேட்கிறேன். ஒக்கிக்கு அப்புறம் ஜெனரேட்டர் வாங்க நான் 12,000 அனுப்பினேன். ரசீது இல்லை. ஜெனரேட்டர் எங்கே? யார் வீட்டு மோட்டார் ஷெட்டில் ஓலை போட்டு மூடிக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும், அவர் வாயால் சொல்லட்டும். அந்தக் கணக்கு வராமல் ஒரு பைசா கிடையாது.

- மஸ்கட்

---

மருமகனே, ரூட்டும் ரேட்டும் நீ பேசு. கோதையாற்றுத் தண்ணீரில் இரண்டு மின் நிலையமாக 60-ம் 40-ம் மெகாவாட் எடுக்கிற ஜில்லா, முப்பந்தல் காற்று முழுவதும் கரண்டாகப் போகிறது, அப்படிப்பட்ட மண்ணில் கல் நடுகிறவன் வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? எனக்குப் பணம் பெரிசில்லை, கேட்காததுதான் சுடுகிறது. ஆனால் கேட்காமல் நடுவதை ஊருக்குப் பழக்கியதே உங்கள் வீடுதான். முதல் லைன் வந்தபோது எல்லைக்கல்லைத் தாண்டி எங்கள் விளைக்குள் போஸ்டை இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பி இறக்கச் சொன்னது உன் அப்பா. எங்கள் செவலைப் பசு அதில் இடறி விழுந்ததை நான் மறக்கவில்லை.

- மேலவிளை, டொரோண்டோ

---

மாமா, அது அப்பா இல்லை, பெரியப்பா. அவரே போய்ச் சேர்ந்தாச்சு. கம்பி அங்கேயேதான் நிற்கிறது. அம்மாவின் கொடியில் ஒரு முனை அதில்தான் கட்டியிருந்தது, ஈரத் துணியோடு, பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. அவிழ்த்து முருங்கையில் கட்டிவிட்டு வந்தேன்.

மஸ்கட் அண்ணன் கேட்டதற்கு அண்ணாச்சி பதில் போடட்டும். கிராமசபைக்கு மனு நான் எழுதி அனுப்புகிறேன், அன்றைக்கு ஊரில் இருக்கிறவர்கள் யார் யார் என்று மட்டும் சொல்லுங்கள்.