முதல் படம், சின்ன பட்ஜெட்: பெப்சி (சினிமாத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பு) ஆட்களை வைத்துத்தான் எடுக்க வேண்டுமா?

வளசரவாக்கம்வாசி:
எட்டு வருடம் உதவி இயக்குநராக அலைந்துவிட்டு இப்போதுதான் ஒரு படம் கையில் வந்திருக்கிறது. தயாரிப்பாளர் எங்கள் ஊர்க்காரர், தேனிப் பக்கம் ஏலக்காய் வியாபாரம், சினிமாவுக்குப் புதுசு. 28 நாள் ஷூட்டிங், முக்கால்வாசிக் காட்சிகள் ஒரே வீட்டுக்குள். ஜன்னல் வெளிச்சமும் இரண்டு எல்இடி பேனலும் போதும் என்கிறார் கேமராமேன். ஆனால் மேனேஜர் போட்டுக் காட்டிய கணக்கில் லைட் சாமான் ஏற்றி வரும் யூனிட் வண்டி, அதனுடன் வரும் லைட்மேன்கள், ஒவ்வொரு துறைக்கும் இத்தனை பேர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. நடிகர்கள் சம்பளத்தைவிட பேட்டாவும் சாப்பாடும் அதிகமாக வருகிறது, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

வெளி ஆட்களை வைத்து எடுத்துவிடலாம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். சட்டப்படி பெப்சி ஆட்களை எடுத்தே ஆக வேண்டுமா? எடுக்காவிட்டால் பாதியில் வந்து நிறுத்துவார்களா? நானே சங்க உறுப்பினர் கார்டு வைத்திருக்கிறவன், அதனால் மனசுக்கும் ஒரு மாதிரியாக இருக்கிறது.

லைட்டு மாணிக்கம்:
தம்பி, நான் லைட்மேன், 26 வருடம். உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு கதை.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு 11 நாள், எல்லாம் இரவு ஷூட்டிங். முதல் நாலு நாள் பேக்கப் சொன்னதும் கவரில் பணம் வந்தது, அப்புறம் "ஊருக்குப் போய் மொத்தமாக செட்டில் பண்ணிவிடலாம்" என்றார்கள். கடைசி நாள் விடியற்காலையில் ஒயரைச் சுற்றி வண்டியில் ஏற்றிவிட்டு லாட்ஜுக்குப் போனால் மேனேஜர் அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். டீக்கடையில் கடன் சொல்லித்தான் சென்னை வந்து சேர்ந்தோம். போலீஸுக்கும் போகவில்லை, வக்கீலையும் பார்க்கவில்லை. சங்கத்தில் எழுதிக் கொடுத்தோம். நாலு மாதம் கழித்து அதே தயாரிப்பாளர் அடுத்த படத்துக்குப் பூஜை போட்டார். முதல் நாள் காலை ஏழு மணிக்கு யூனிட் வண்டி ஸ்பாட்டுக்கு வந்து நின்றது, ஆனால் ஒரு லைட்டும் இறங்கவில்லை. ஹீரோ மேக்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பத்தரைக்குப் பழைய பாக்கி முழுவதும் வந்தது, பத்தே முக்காலுக்கு லைட் இறங்கியது. என் ஆயுசில் நான் பார்த்த சங்கம் என்றால் அந்த மூன்றரை மணி நேரம்தான்.

வேண்டாத இடத்தில் ஆள் வந்து சும்மா நிற்பது உண்மை. அது எங்களுக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் "இரண்டு பேனல் போதும்" என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் கிரேன் கொண்டு வரச் சொன்ன கேமராமேன்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். 2020 பிப்ரவரியில் ஈவிபி ஸ்டுடியோவில் ஷூட்டிங்கில் கிரேன் சரிந்து மூன்று பேர் போனார்களே, அதற்கப்புறம் யாராவது "ஆள் குறைத்துக்கொள்ளலாம்" என்றால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

பார்கவுன்சில் பக்கிரி:
சட்டப்படி கட்டாயம் இல்லை. சங்கத்தில் சேருவது உரிமை, சேராதவனுக்கு வேலை தரக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கேரளத்தில் இயக்குநர் வினயன் படத்தில் வேலை செய்யக்கூடாது என்று தடுத்ததற்காக, 2017-ல் இந்தியப் போட்டி ஆணையம் அங்குள்ள அம்மா (நடிகர் சங்கம்), பெஃப்கா (சினிமாத் தொழிலாளர் கூட்டமைப்பு) ஆகியவற்றுக்கு அபராதம் போட்டது. 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆக, வெளி ஆளை வைத்து எடுத்தால் உங்கள் படத்தை முடக்க பெப்சிக்கு அதிகாரம் கிடையாது.

ஆனால் இதன் மறுபக்கத்தை எந்தத் தயாரிப்பாளரும் படிப்பதில்லை. திரைப்படத் தொழிலாளர்களுக்கென்றே 1981-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் ஒருவரையும் வேலைக்கு வைக்கக்கூடாது, தகராறு வந்தால் சமரச அதிகாரி, அதற்கு மேல் தீர்ப்பாயம் என்றெல்லாம் அதில் இருந்தது. 2020-ன் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அதைக் கரைத்துவிட்டார்கள், ஆனாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்பது போகவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, உங்களில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டு வேலைக்குப் போயிருக்கிறீர்கள்? சட்டம் செய்ய வேண்டியதைச் செய்திருந்தால் மாணிக்கம் அண்ணன் வண்டியை நிறுத்தியே இருக்க வேண்டாம்.

கார்டு இல்லாதவன்:
மாணிக்கம் அண்ணே, மரியாதையோடு சொல்கிறேன். உங்களுக்குச் சங்கம் கதவு, எனக்கு அதே சங்கம் சுவர். நாலு வருடமாக ஒரு துறையில் (எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன், நாளைக்கு அங்கேதான் போய் நிற்க வேண்டும்) உதவியாளராக ஓடுகிறேன். கார்டுக்கு அவர்கள் கேட்கிற தொகையை அம்மாவின் வளையலை வைத்தாலும் புரட்ட முடியாது. உறுப்பினரின் மகன் என்றால் வேறு கணக்கு. ஸ்பாட்டுக்கு செக்கிங் வருகிறார்கள் என்றால் எங்களை கேரவனுக்குப் பின்னால் போய் நிற்கச் சொல்வார்கள். ஒரு தடவை மழையில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். எனக்குச் சம்பளம் வராவிட்டால் எந்த வண்டியை நிறுத்துவது?

லைட்டு மாணிக்கம்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. தப்புதான்.

பட்ஜெட் பாண்டியன்:
நான் புரொடக்ஷன் மேனேஜர். லாட்ஜைக் காலி செய்துவிட்டு ஓடியவன் நான் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வளசரவாக்கம் சார், வக்கீல் சொன்னது சரி, ஆனால் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஷூட்டிங் நடத்த முடியாது. நீங்கள் வெளி ஆளை வைக்கலாம். அப்புறம் டப்பிங், பாட்டுக்கு டான்சர், ஒரு சின்ன ஃபைட் என்று வரும்போது எல்லாமே பெப்சிக்குள்தான் இருக்கிறது. இருபது சொச்சம் சங்கங்கள், ஒன்றின் வால் இன்னொன்றின் கையில். 2017 ஆகஸ்டில் தயாரிப்பாளர் சங்கமே "யாரை வேண்டுமானாலும் வைத்து வேலை செய்வோம்" என்று அறிவித்து, பெப்சி வேலையை நிறுத்தி, ரஜினி படம் உட்படப் பல ஷூட்டிங்குகள் நின்றன. சில நாளில் பேசி முடித்துக்கொண்டார்கள். 2025-ல் மறுபடியும் அதே சண்டை, இந்தத் தடவை உயர் நீதிமன்றம் வரை போனது. பெரிய ஆட்களே முட்டிப் பார்த்துவிட்டுப் பேச்சுவார்த்தைக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

அதனால் நீங்களும் பேசுங்கள், ஆனால் பூஜைக்கு முன்னால். பட்ஜெட்டையும் ஷெட்யூலையும் ஒளிக்காமல் காட்டி ஆள் எண்ணிக்கையைக் குறைத்துக் கேட்டு நானே இரண்டு படத்துக்கு வாங்கியிருக்கிறேன். ஷூட்டிங் தொடங்கியபின் போய்க் கேட்டால் ஏமாற்ற வந்தவன் மாதிரி பார்ப்பார்கள்.

இன்னொன்று. ஸ்டிரைக் என்றாலே தொழிலாளி செய்வது என்று எல்லோரும் பேசுகிறார்கள். 2018-ஐ மறந்துவிட்டீர்களா? தியேட்டரில் படம் திரையிட டிஜிட்டல் கம்பெனிகள் வாங்கும் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள்தான் நிறுத்தினார்கள். மார்ச் 1 முதல் புதுப்படம் கிடையாது, 16 முதல் ஷூட்டிங்கும் கிடையாது, ஏப்ரல் 20-க்குத்தான் மறுபடி படம் வந்தது. அந்த ஒரு மாதம் லைட்மேன் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று எந்தத் தயாரிப்பாளரும் கேட்கவில்லை.

அமீர்பேட் தமிழன்:
ஹைதராபாத்தில் எடிட்டிங் வேலை. இங்கே 2025 ஆகஸ்டில் தெலுங்கு சினிமாத் தொழிலாளர்கள் 30 சதவீத சம்பள உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள், கடைசியில் மூன்று வருடத்தில் தவணையாக 22.5 சதவீதம் வரை என்று முடிந்தது. தயாரிப்பாளர்கள் அப்போது சொன்னதும் இதேதான்: சின்னப் படம் தாங்காது. சின்னப் படத்தை முன்னால் நிறுத்திப் பெரிய படத்துக்காரர்கள் பேரம் பேசுவதுதான் எனக்கு எரிச்சல். ஹீரோ சம்பளத்தைப் பற்றி அந்த மேஜையில் யாரும் வாய் திறப்பதில்லை.

ஹாலிவுட்டைப் பார் என்று யாராவது இழுப்பதற்கு முன்: 2023-ல் எழுத்தாளர்கள் 148 நாள், நடிகர்கள் 118 நாள் நின்றார்கள், வாங்கியும் காட்டினார்கள். ஆனால் ஸ்டிரைக்கே செய்யாத அங்கத்து லைட்மேனும் டிரைவரும் அத்தனை நாளும் வேலையில்லாமல்தான் இருந்தார்கள். 2018 சமாசாரம்தான், ஊர் மட்டும் வேறு.

வளசரவாக்கம்வாசி:
எல்லோருக்கும் நன்றி. தயாரிப்பாளரிடம் இதையெல்லாம் காட்டினேன். பொள்ளாச்சிக் கதையை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஏலக்காய் பறிக்கிற பொம்பளைகளுக்கு சனிக்கிழமை கூலி தராவிட்டால் திங்கட்கிழமை எவளும் வர மாட்டாள், அதேதானே இது" என்றார். திங்கட்கிழமை சங்க ஆபீஸுக்கு நானும் மேனேஜரும் போகிறோம், எழுத்தில் ஒப்பந்தம் எல்லோருக்கும் போடுவதாகவும் பேச்சு. கார்டு இல்லாத தம்பி, தனிமடலில் வாருங்கள். கேரவன் எல்லாம் எங்களுக்குக் கட்டாது, அதனால் பின்னால் நிற்கும் பிரச்சினையும் இல்லை.

மாணிக்கம் அண்ணே, ஒரு வீட்டுக்குள் எடுக்க உண்மையில் எத்தனை பேர் வேண்டும்? மனசாட்சிப்படி சொல்லுங்கள்.

லைட்டு மாணிக்கம்:
மாடி வீடா, தரைத்தளமா? மாடி என்றால் முதலில் படிக்கட்டு எத்தனை அடி அகலம், திருப்பத்தில் ஸ்டாண்ட் திரும்புமா என்று அளந்துவிட்டு வாருங்கள். ஜெனரேட்டர் எவ்வளவு தள்ளி நிற்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் சொல்கிறேன்.