பழைய 1911ஏ1: வெற்றுக்கூடு நெற்றியில் அடிக்கிறது, எதையெல்லாம் மாற்றலாம்?

டெக்சஸ்வாசி:
வணக்கம். குடியுரிமை கிடைத்த பிறகு சிஎம்பி (பழைய ராணுவத் துப்பாக்கிகளைக் குடிமக்களுக்கு விற்கும் அமெரிக்க அமைப்பு) குலுக்கலுக்கு விண்ணப்பித்திருந்தேன். வரிசை வந்து, ராணுவத்தில் இருந்த ஒரு 1911ஏ1 பிஸ்டல் வீட்டுக்கு வந்துவிட்டது. ஃபிரேம் (கைப்பிடியுள்ள அடிப்பாகம்) ரெமிங்டன் ராண்ட் செய்தது, ஸ்லைடு (மேலே முன்பின் ஓடும் பாகம்) கோல்ட் செய்தது. குழல் நன்றாக இருக்கிறது.

ரேஞ்சில்தான் தொல்லை. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு அடிக்கடி என் நெற்றியைப் பார்த்து வருகிறது. சில கூடுகள் வெளியே போகாமல் ஸ்லைடுக்கு நடுவில் செங்குத்தாகச் சிக்கிக்கொள்கின்றன. கூடவே வந்த மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) கடைசித் தோட்டா மூக்கைக் கவிழ்த்து நின்றுவிடுகிறது. குறிபார்க்கும் சைட் இரண்டும் அவ்வளவு சிறியவை, என் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. சுடும்போது ஹேமர் (பின்னால் இருக்கும் சுத்தி) கட்டைவிரல் அடியில் இருக்கும் தோலைக் கடிக்கிறது.

ஸ்லைடை மில்லிங் செய்து (இயந்திரத்தில் வெட்டி) புது சைட் வைக்கலாமா? பீவர்டெயில் (கைத்தோலைக் காக்கும் நீண்ட வால்), லேசான டிரிகர் எல்லாம் போடலாமா? இதை அலமாரியில் பூட்டி வைக்க வாங்கவில்லை, சுட வேண்டும்.

ஓஹையோ45:
தாராளமாகச் செய்யுங்கள். ஃபிரேம் ஒரு கம்பெனி, ஸ்லைடு ஒரு கம்பெனி என்றால் சேகரிப்பாளர் யாரும் பெரிய விலை தரப்போவதில்லை. உங்கள் துப்பாக்கி, உங்கள் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய_எஃகு:
தம்பி, அவசரப்படாதீர்கள். ஓஹையோ நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கோல்ட், ரெமிங்டன் ராண்ட், இத்தாக்கா, யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், சிங்கர் எல்லோரும் பாகங்களை ஒரே அளவுகளில்தான் செய்தார்கள். தட்டச்சு இயந்திரம் செய்த ரெமிங்டன் ராண்டுதான் எண்ணிக்கையில் அதிகம் செய்தது. தையல் இயந்திர சிங்கர் செய்தது வெறும் 500. ராணுவக் கிடங்குகளில் பிரித்துச் சரிசெய்தபோது யாருடைய ஸ்லைடு யாருடைய ஃபிரேமில் போகிறது என்று ஒருவரும் கவலைப்படவில்லை. 1985இல் பெரெட்டா எம்9 வந்து இதன் இடத்தைப் பிடிக்கும்வரை அப்படித்தான் ஓடியது. ஆகவே உங்களிடம் இருக்கும் கலவை ஒட்டுவேலை இல்லை, ராணுவத்தில் வாழ்ந்த பிஸ்டலின் இயல்பான நிலை அதுதான். இனி இப்படி ஒன்று செய்யப்போவதில்லை. வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

கழற்றித் திரும்ப மாட்டக்கூடியதை மட்டும் மாற்றுங்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் எண்ணெய் தடவி, பையில் போட்டு, பெயர் எழுதி வையுங்கள்.

முதலில் ஸ்பிரிங். முழு அளவான 5 அங்குலக் குழலுக்கு 16 பவுண்டு ரீகாயில் ஸ்பிரிங்தான் (பின்னே போன ஸ்லைடை முன்னே தள்ளுவது) இன்று வழக்கம். புதியதைப் பழையதன் பக்கத்தில் வைத்தாலே பழையது எவ்வளவு குறுகிப்போயிருக்கிறது என்று தெரியும். தளர்ந்த ஸ்பிரிங்கோடு சுட்டால் ஸ்லைடு ஃபிரேமில் போய் மோதும். அன்றைய எஃகும் அதைச் சூடேற்றிப் பதப்படுத்திய விதமும் இன்றைக்கு இருப்பது போல இல்லை, அடி வாங்க வைக்காதீர்கள். அதோடு ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) ஸ்பிரிங்கையும் கட்டாயம் மாற்றுங்கள். இந்த மாடலில் ஃபயரிங் பின்னைத் தடுக்கும் தனி அமைப்பு கிடையாது. கை தவறிக் கீழே விழுந்தால் பின்னைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது அந்தச் சின்ன ஸ்பிரிங் மட்டும்தான். விலை மிகக் குறைவு, காப்பதோ உயிரை.

அடுத்து மேகசின். பழையதைச் சுடப் பயன்படுத்தாதீர்கள், பத்திரமாக எடுத்து வையுங்கள். அதன் உதடு தேய்ந்திருக்கும், ஸ்பிரிங் செத்திருக்கும். கடைசித் தோட்டா கவிழ்வதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். நல்ல 7 தோட்டா மேகசின்கள் சில வாங்கி, அடியில் எண் போடுங்கள். சிக்கல் வந்தால் எந்த எண்ணில் வந்தது என்று குறித்துக்கொண்டால் துப்பாக்கிமீது வீண்பழி வராது.

நெற்றிக்கு வரும் கூடு எக்ஸ்ட்ராக்டர் (கூட்டைக் குழலிலிருந்து இழுக்கும் கொக்கி) விவகாரம் என்று நினைக்கிறேன். 1911இல் எக்ஸ்ட்ராக்டருக்குத் தனி ஸ்பிரிங் இல்லை. அந்த நீளத் துண்டே வளைந்து இழுவிசை தருகிறது. ஸ்லைடைத் தனியே கழற்றி, ஃபயரிங் பின்னையும் எடுத்துவிட்டு, ஒரு டம்மி தோட்டாவை எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குள் நுழைத்துப் பாருங்கள் (உண்மைத் தோட்டா கூடவே கூடாது). மெல்ல ஆட்டினால் விழாமல் நிற்க வேண்டும். விழுந்தால் இழுவிசை போய்விட்டது. அப்புறம் ஒரு பழக்கத்தையும் கேட்கிறேன்: தோட்டாவைக் கையால் குழலில் போட்டு ஸ்லைடை விடுகிறீர்களா? அதை நிறுத்துங்கள். தோட்டாவின் அடி விளிம்பு மேகசினிலிருந்து மேலே ஏறிக் கொக்கிக்குள் போகிற மாதிரிதான் ஜான் பிரவுனிங் இதை வடிவமைத்தார். விளிம்பின்மேல் தாவ வைத்தால் கொக்கி தளரும், நாளடைவில் உடையும்.

சைட் விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான். முன் சைட்டை ஒரு சிறு துளைக்குள் வைத்து அடித்து இறுக்கியிருப்பார்கள். இன்றைய சைட் வேண்டும் என்றால் ஸ்லைடை வெட்டித்தான் ஆக வேண்டும், பின் சைட்டை மட்டும் மாற்றினால் உயரம் ஒத்துவராது. முன் சைட்டில் பளிச்சென்ற வண்ணம் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். வேண்டாம் என்றால் துடைத்துவிடலாம். பீவர்டெயில் பெரும்பாலானவற்றுக்கு ஃபிரேமின் வாலைத் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் உட்காரும் வகையும் கிடைக்கிறது, அதைத் தேடுங்கள். டிரிகரை மட்டும் தொடாதீர்கள். சியர் (ஹேமரைப் பிடித்து வைக்கும் துண்டு), ஹேமர் முனைகளில் கொஞ்சம் அதிகம் உரசினாலும் ஸ்லைடு மூடும்போது ஹேமர் தானே விழும்.

தோட்டாவுக்கு 230 கிரெயின் எடையுள்ள, முழு உலோக உறை போட்ட உருண்டை மூக்கு போதும். இந்த ஃபீட் ராம்ப் (தோட்டா குழலுக்குள் ஏறும் சரிவு) அதற்காகவே செய்தது. பிளஸ் பி (அழுத்தம் அதிகமான தோட்டா) வேண்டவே வேண்டாம்.

டெக்சஸ்வாசி:
ரொம்ப நன்றி அண்ணா. ஆமாம், கையால் போட்டு மூடிக்கொண்டிருந்தேன். யாரும் சொன்னதில்லை. டம்மி தோட்டா கொக்கியில் நிற்கவே இல்லை, உடனே விழுந்துவிட்டது. ஸ்பிரிங் இரண்டும் மேகசின்களும் வாங்கி மாட்டிவிட்டேன், கடைசித் தோட்டா இப்போது ஒழுங்காக ஏறுகிறது. கூடு மட்டும் இன்னும் முகத்துக்கு வருகிறது. எக்ஸ்ட்ராக்டரை நானே வளைக்கலாமா?

ஓஹையோ45:
பழைய_எஃகு சார் சொன்ன கிடங்கு விவரம் எனக்குத் தெரியாது. சைட்டுக்காக ஸ்லைடை வெட்டச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். டெக்சஸ், துப்பாக்கி வேலை செய்யும் கடைக்கு அனுப்புவதாக இருந்தால் ஸ்லைடை மட்டும் அனுப்புங்கள். கூட்டரசுச் சட்டப்படி வரிசை எண் உள்ள ஃபிரேம்தான் துப்பாக்கி, ஸ்லைடு வெறும் உதிரிப் பாகம்.

பழைய_எஃகு:
பழைய எக்ஸ்ட்ராக்டரை வளைக்காதீர்கள், அது பைக்குள் போகட்டும். ஸ்பிரிங் எஃகில் செய்த புதியது ஒன்று வாங்குங்கள். வார்ப்பில் செய்தது வேண்டாம். புதியதையும் பெரும்பாலும் கொஞ்சம் சரிசெய்துதான் மாட்ட வேண்டியிருக்கும், முதல்முறை பழகிய கன்ஸ்மித் ஒருவர் பக்கத்தில் இருந்து செய்துகாட்டினால் நல்லது. அவரிடம் ஃபயரிங் பின் ஸ்டாப் (பின்னையும் எக்ஸ்ட்ராக்டரையும் இடத்தில் பிடித்து வைக்கும் தகடு) தளர்வாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது ஆடினால் எக்ஸ்ட்ராக்டர் தன் இடத்திலேயே சுழலும், எவ்வளவு இழுவிசை கொடுத்தாலும் கூடு கண்டபடிதான் பறக்கும்.

அதுவரை ரேஞ்சில் கண்ணாடியோடு விளிம்புள்ள தொப்பியும் போடுங்கள். சூடான கூடு கண்ணாடிக்குள் விழுந்தால் கை தன்னாலே முகத்துக்குப் போகும், அந்தக் கையில் துப்பாக்கி இருக்கும்.